மலரில் வந்த மாப்பிள்ளை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டிக்கு மேல்மாடியில் அந்த கமர்ஷியல் இன்ஸ்டிடியூட் இருந்தது. டைப்ரைட்டிங், ஷார்ட்ஹாண்ட், கணக்குப் பதிவு மூன்றும் அங்கே உண்டு. மண்டியிலிருந்து ஏறிவரும் எறும்பு டைப் மெஷினுக்குள் புகுந்துகொள்ளும். காலையில் வந்ததும் மெஷின்களைக் கவிழ்த்துத் தட்டி எறும்பை விரட்டுவதுதான் குழந்தைவேலின் முதல் வேலை. அங்கேயே படித்து, அங்கேயே வாத்தியாராகி, ஒன்பது வருஷமாக எறும்பு தட்டுகிறான். முப்பத்தொரு வயசு. கல்யாணம் ஆகவில்லை. மூக்கைப் பிடித்தால் வாயைத் திறக்கத் தெரியாத மனுஷன் என்று மாணவர்களே பேசிக்கொள்வார்கள். அவன் காதிலும் விழும், பேசாமல் போய்விடுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் இன்ஸ்டிடியூட்டுக்கு வெள்ளி விழா வந்தது. பிரின்சிபால் கைலாசத்துக்கு அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. சர்க்கார் அங்கீகாரம் வாங்கிவிட வேண்டும். அதற்கு வெறும் டைப் மெஷின் போதாது, ஆராய்ச்சி வேண்டும் என்று யாரோ மெட்ராஸில் அவர் காதில் ஓதிவிட்டார்கள். "நம்மகிட்டப் படிச்சவங்க என்ன ஆனாங்கன்னு ஆராய்ச்சி பண்ணுவோம்யா. இந்த ஜில்லாவிலே யாரும் பண்ணினதில்லை" என்றார். யார் பண்ணுவது? குழந்தைவேல்தான். நூற்று நாற்பத்துமூன்று பழைய மாணவர்களுக்கு நூற்று நாற்பத்துமூன்று கார்டு. எல்லாம் அவன் கையெழுத்து.

ஐம்பத்தெட்டுப் பேர் பதில் போட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு ஒப்பாரி. பி.ஏ. படித்தவனே சும்மா சுற்றுகிறான், என்னை யார் சேர்ப்பார்கள் என்று ராசிபுரத்திலிருந்து ஒருவன். பழையபடி தறியில் உட்கார்ந்துவிட்டேன், விரல் ஷார்ட்ஹாண்டை மறந்துவிட்டது என்று இன்னொருவன். படித்த படிப்புக்கு வேலையில் இருப்பவர்கள் என்று எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது பேர் தேறினார்கள். குழந்தைவேல் அதைக் காகிதத்தில் எழுதி, உண்மையாகவே மனசு கலங்கிப்போய், பிரின்சிபாலிடம் கொண்டு போனான்.

கைலாசம் வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பதில் போடாதவன் எத்தனை பேர்?"

"எண்பத்தஞ்சு பேருங்க."

"ஏன் போடலை?"

"தெரியலீங்களே."

"வேலையில்லாதவன்தான்யா உட்கார்ந்து கார்டு எழுதுவான். வேலையிலே இருக்கிறவனுக்கு நேரம் ஏது? எண்பத்தஞ்சும் பத்தொன்பதும் நூத்திநாலு. நூற்றுக்கு எழுபத்துமூணு பேர் உத்தியோகத்திலே. எழுதிக்கோ."

கேட்டீர்களா கணக்கை? திரும்பி வந்த கார்டுகளில் 'ஆள் இறந்துவிட்டார்' என்று தபால்காரர் எழுதியனுப்பிய நாலுகூட அந்த எண்பத்தைந்தில் சேர்த்தி. செத்தவனுக்கும் உத்தியோகம் போட்டுக் கொடுத்த ஒரே பள்ளிக்கூடம் இதுவாகத்தான் இருக்கும். குழந்தைவேல் எழுதிக்கொண்டான்.

வந்த பதில்களில் ஒன்று குமாரபாளையத்திலிருந்து அர்த்தநாரி போட்டது. குழந்தைவேலிடமே படித்த பையன், தங்கமான பையன். கார்டில் எறும்பு ஊர்ந்த மாதிரி நுணுக்கி எழுதியிருந்தான். பம்பாயில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்தேன், கம்பெனி மூடிவிட்டார்கள், ஊருக்கு வந்து எட்டு மாசம் ஆகிறது, இருமினால் ரத்தம் வருகிறது, டாக்டர் க்ஷயம் என்கிறார், லேசான வேலை ஏதாவது இருந்தால் தெரிவிக்கவும். தங்கள் கீழ்ப்படிந்த மாணவன்.

குழந்தைவேல் விழாவுக்குப் போடும் வெள்ளி விழா மலருக்கு 'உடல்நலமின்றி ஊரில் இருக்கிறார்' என்று எழுதி வைத்தான். கைலாசம் அதை அடித்தார்.

"இவன் பம்பாயிலே இருந்தானா இல்லையா?"

"இருந்தாருங்க. இப்ப இல்லீங்க."

"மலர் என்ன தினசரிப் பேப்பரா, இன்னைக்கு இருக்கிறதைப் போட? நல்லதா எழுதுய்யா. அந்தப் பையனுக்கும் அது மரியாதைதானே."

குழந்தைவேல் நல்லதாக எழுதினான். 'திரு. அர்த்தநாரி (1934): பம்பாயில் பிரபல ஏற்றுமதிக் கம்பெனியில் உயர்ந்த பதவி வகிக்கிறார்.' வாக்கியம் அவனுடையது. பிரபலம் அவனுடையது, உயர்ந்த பதவியும் அவனுடையது. பிரின்சிபால் தலைமேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்க முடியாது. அர்த்தநாரிக்கு ஒரு பதில் கார்டு போட வேண்டும் என்று நினைத்தான். என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டான்.

மலர் வந்தது. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். 'பழைய மாணவர் சாதனைகள்' பன்னிரண்டு பக்கம். அடியில் 'தொகுத்தவர்: குழந்தைவேல்' என்று போட்டிருந்தார்கள். கைலாசம் தன் ஆராய்ச்சியை மெட்ராஸில் ஒரு மாநாட்டில் வாசித்துவிட்டு வந்தார். பத்திரிகையில் நாலு வரி வந்தது. வைகாசி பிறந்ததும் சர்க்கார் இன்ஸ்பெக்டர் நேரில் பார்க்க வருகிறார் என்று கடிதமும் வந்துவிட்டது. மனுஷன் கால் தரையில் பாவவில்லை.

குழந்தைவேலும் தன் பங்குக்கு ஒரு மலரை ஆட்டையாம்பட்டிக்கு எடுத்துப் போய் அக்காவிடம் கொடுத்திருந்தான். அக்கா பொன்னாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தம்பி பேர் அச்சில் வந்திருக்கிறது. அவள் வீட்டுக்காரர் பச்சமுத்துவுக்கு மூன்று தறி. தறிக்குடிகள் இருபது பேரைக் கூட்டி வைத்து, மகள் வசந்தாமணியை விட்டு மலரின் தமிழ்ப் பாதியை முதலிலிருந்து கடைசி வரைக்கும் படிக்கச் சொன்னார்கள். அஞ்சாம் வகுப்புப் படித்த பெண் அவள். திக்காமல் படித்தாளாம்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது பொன்னாயியும் பச்சமுத்துவும் மாடிப்படி ஏறி வந்தார்கள். கையில் தேங்காய், பழம், ஒரு பொட்டலம் லட்டு. வசந்தாமணிக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது, அடுத்த வாரம் புதன்கிழமை முகூர்த்தம்.

"இத்தனை அவசரமா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம?" என்றான் குழந்தைவேல். தாய்மாமனைக் கேட்காமல் அந்த வீடுகளில் வெற்றிலை மாற்ற மாட்டார்கள்.

"உன்னைக் கேக்காமயா?" என்று பொன்னாயி சிரித்தாள். "நீ அச்சுல போட்ட பையன் தம்பி. நீயே நல்லவன்னு எழுதிப் போட்டதுக்கப்பறம் உன்னை வேற தனியாக் கேக்கோணுமாக்கும்? குமாரபாளையத்துக்காரங்க. அவிங்கம்மா சாலம்மா அந்தப் பொஸ்தகத்தையே கையில எடுத்துக்கிட்டு வந்தாங்க."

குழந்தைவேல் பேரைக் கேட்டான். அர்த்தநாரிதான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாலடி தள்ளி கைலாசம் நின்றுகொண்டு, "அடடே, நம்ம மலராலே ஒரு கல்யாணமா, இன்ஸ்பெக்டர் கிட்டே சொல்லணும் இதை" என்று லட்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். குழந்தைவேலும் ஒரு லட்டை வாங்கிக்கொண்டான்.

மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஆட்டையாம்பட்டிக்குப் போனான். பந்தக்கால் நட்டாகியிருந்தது. அக்காவையும் பச்சமுத்துவையும் தறிக்கூடத்துக்குள் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். வேலை இல்லை, கம்பெனி மூடி எட்டு மாசத்துக்கு மேல் ஆகிறது. நெஞ்சில் சீக்கு, ரத்தம் ரத்தமாகத் துப்புகிற சீக்கு.

பச்சமுத்து நிதானமாகக் கேட்டார். "பையனை நாங்க பாத்தமே. கொஞ்சம் இளைச்சாப்பல இருக்கறான். பம்பாய்த் தண்ணி ஒத்துக்கலைன்னு அவிங்கம்மா சொன்னாங்க. லீவுல வந்திருக்கறானாம்."

"அது பொய்யிங்க மச்சான்."

"பொஸ்தகத்துல போட்டிருக்குதே, அது?"

"அதுவும் பொய்யிங்க."

"அதை எழுதுனது யாரு?"

குழந்தைவேல் தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"நீதானே எழுதுனே. தொகுத்தவர் குழந்தைவேல்னு புள்ளை படிச்சாளே. அன்னைக்குப் பொய் எழுதுனயா, இன்னைக்குப் பொய் பேசறயா? எதுன்னு நாங்க எடுத்துக்கறது?"

பிரின்சிபால் சொல்லித்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பொன்னாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தணித்துப் பேசினாள். "தம்பி, நான் வெளிப்படையாவே கேக்கறேன். நீ அவளைக் கட்டிக்கோணும்னு மனசுல வெச்சிருந்தயா? வெச்சிருந்தா ரெண்டு வருஷத்துக்கு முந்தி சொல்லியிருக்கோணும். உரிமைக்காரன் நீ, இல்லைன்னு சொல்லியிருக்க மாட்டோம். வாயைத் தொறக்காம இருந்துட்டு, நல்ல எடம் அமைஞ்சு பந்தல் போட்டதுக்கப்பறம் வந்து மாப்பிள்ளைக்குச் சீக்குன்னு சொல்றயே, அடுக்குமா?"

அவ்வளவுதான், அவன் சொல்ல வந்தது அங்கேயே நின்றுவிட்டது. அக்கா மகளைக் கட்டிக்கொள்ளும் உரிமை தாய்மாமனுக்கு உண்டு. உரிமை உள்ளவன் கல்யாணத்தைத் தடுத்தால் அதற்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். அப்படி ஒரு தடவைகூட நினைத்ததில்லை என்று சாமி முன்னால் கற்பூரம் அடிக்கச் சொன்னால் அவனால் அடிக்க முடியாது. எப்போதோ ஒரு பொங்கலுக்கு, அவள் தாவணியில் வந்து காபி கொடுத்தபோது, ஒரு நிமிஷம் நினைத்திருந்தான். தன் சம்பளத்தை நினைத்துக்கொண்டு அதை அங்கேயே விட்டுவிட்டான். அந்த ஒரு நிமிஷம் இப்போது வந்து அவன் வாயைக் கட்டிப்போட்டது. தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த தலையைப் பார்த்து பச்சமுத்து, அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"நடந்தது நடந்துபோச்சு. மனசுல வெச்சுக்காதே. புதங்கிழமை வந்து மாமன் செய்யற முறையைச் செஞ்சுட்டுப் போ" என்று தோளைத் தட்டி அனுப்பினார்.

பஸ் நிற்கிற புளியமரத்துக்கு அவன் போய்ச் சேர்வதற்குள் வசந்தாமணி பின்னாலேயே வந்துவிட்டாள். இடுப்பில் காலிக்குடம், தண்ணீருக்குப் போகிற சாக்கு. தறிக்கூடத்துச் சுவரில் காது வைத்துக் கேட்டிருப்பாள் போல.

"நெசமுங்களா மாமா?"

"நெசம் சாமி."

"நீங்க என்னைக் கட்டிக்கோணும்னு சொல்லலையே?"

"இல்லை."

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நான் நம்பறேன். எங்கப்பா நம்ப மாட்டாரு. அந்த மாப்பிள்ளை உங்களுக்கு ஏதாச்சும் எழுதியிருக்கறாருங்களா? அவரு கையெழுத்துல?"

"கார்டு இருக்குது. இன்ஸ்டிடியூட்டு பீரோவுல."

"அதைக் கொண்டாந்து குடுங்க. எங்கப்பாகிட்டக் குடுக்க வேண்டாம், எங்கையில குடுங்க. பந்தல்ல நின்னு நானே படிக்கறேன். அத்தனை பேரு கேக்கப் படிக்கறேன், அப்பறம் யாரு என்னைய மணையில உக்கார வெப்பாங்கன்னு பாக்கறேன்." குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "செவ்வாக்கெழமை சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துருங்க. எனக்கு வேற ஆளு இல்லீங்க மாமா."

பதினேழு வயசுப் பெண்ணுக்கு இருந்த தைரியத்தில் கால்வாசி அந்த ஆம்பளைக்கு இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

பீரோ சாவி அவனிடமே ஒன்று இருந்தது. திங்கட்கிழமை காலையிலேயே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமைதானே இன்ஸ்பெக்டர் வருகிறார்? கார்டுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, ஒன்று குறைந்தால்? அதுவும் போக, பந்தலில் அந்தக் கார்டைப் படித்தால் இன்ஸ்டிடியூட் மானம் ஊர் பூராவும் சந்தி சிரிக்கும். அது இன்ஸ்பெக்டர் போன பிறகு சிரிக்கட்டும், செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொள்ளலாம், நேரம் இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைக்காரர் இல்லை, கும்பகோணத்துக்காரர். கார்டுகளைக் கேட்கவே இல்லை. மெஷின்களைத் தட்டிப் பார்த்தார், மலரைப் புரட்டினார், எழுபத்துமூன்று சதவிகிதம் என்ற இடத்தில் விரலை வைத்து "பேஷ்" என்றார். கைலாசம் மலரால் நடக்கப்போகிற கல்யாணத்தைச் சொன்னார். பெண்ணுக்குத் தாய்மாமன் இவர்தான் என்று குழந்தைவேலைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் கைகொடுத்தார். அந்தச் சூட்டோடு கைலாசம் எல்லா மாணவர்களும் கேட்க, இன்று முதல் குழந்தைவேல் வைஸ் பிரின்சிபால் என்று அறிவித்துவிட்டார். பையன்கள் கை தட்டினார்கள். ஒன்பது வருஷம் எறும்பு தட்டியவனுக்கு அந்தக் கைதட்டல் உள்ளே போய் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பீரோவைத் திறந்து கார்டை எடுத்தான். அதை மட்டும் சொல்லியாக வேண்டும், எடுக்கத்தான் எடுத்தான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அக்கா மகளுக்குச் சீர்ப் புடவையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

பந்தலில் அவன் கால் வைத்ததும் பொன்னாயி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி கோபத்தை விட்டுவிட்டு வந்துவிட்டான் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சேலத்திலிருந்து முந்தின பஸ்ஸில் வந்தவர்கள் சங்கதியைச் சொல்லியிருந்தார்கள். "எந் தம்பி இப்ப வைஸ் பிரின்சிபாலு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பச்சமுத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார். முந்தாநாள் தலையைக் குனிந்து உட்கார்ந்த ஊரில் இன்றைக்கு நாலு பேர் எழுந்து நின்று கும்பிடு போட்டார்கள்.

கார்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்தான். பந்தல் கலையும். பொறாமையில் கெடுத்தான் என்று இந்த நாலு பேரும் காறித் துப்புவார்கள். கைலாசம் நாளைக்கே சாவியைப் பிடுங்கிக்கொள்வார். வசந்தாமணிக்கு என்ன ஆகும் என்பதையும் நினைத்தான். நினைக்கவில்லை என்று சொல்லக்கூடாது. க்ஷயம் சிலருக்குக் குணமாகிறதாம், பெருந்துறைப் பக்கம் காற்று நல்லதாம் என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

உள்ளே கூப்பிட்டார்கள். வசந்தாமணி நலுங்கு மஞ்சளோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். அவன் புடவைத் தட்டை நீட்டியபோது வாங்கிக்கொண்டு, உதடு அசையாமல் கேட்டாள்.

"கொண்டாந்தீங்களா மாமா?"

கார்டின் முனை சட்டைப் பைக்குள் நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தது.

"தேடிப் பாத்தேன் சாமி. கிடைக்கலை."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். 

புதன்கிழமை காலையில் தாய்மாமன் அவள் நெற்றியில் பட்டம் கட்டினான், மாலை போட்டான், கையைப் பிடித்து அழைத்துவந்து மணையில் உட்கார வைத்தான். அவள் கை சில்லிட்டிருந்தது. அர்த்தநாரி அவனைப் பார்த்து எழுந்து, கண் கலங்கக் கும்பிட்டான். இருமலை அடக்கி அடக்கி அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

ஆனி போய் ஆடி வந்தது. புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆடிக்கு அழைத்துவர வேண்டும். பச்சமுத்துவுக்குத் தறியில் அவசரமாக நெய்து கொடுக்க வேண்டிய பாவு. பொன்னாயி தம்பியைத்தான் அனுப்பினாள். இல்லாத சாக்கெல்லாம் சொல்லிப் பார்த்தும் நடக்கவில்லை. குமாரபாளையத்துக்குப் போனான். காவேரியில் புதுத் தண்ணீர் வந்து, பவானிப் பாலத்துக்கு அடியில் செம்மண் நிறமாக ஓடிக்கொண்டிருந்தது.

சாலம்மாள் சந்தைக்குப் போயிருந்தாள். வாசலை ஒட்டி வசந்தாமணி ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா" என்றாள், எழுந்து தண்ணீர் கொடுத்தாள், மறுபடியும் ராட்டையில் உட்கார்ந்தாள். கயிற்றுக் கட்டிலில் அர்த்தநாரி கிடந்தான். இரண்டு மாசத்தில் பாதி ஆளாகியிருந்தான். கட்டிலுக்கு அடியில் சாம்பல் போட்ட சட்டி. அவனைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றான்.

"படுத்துக்கப்பா" என்றான் குழந்தைவேல்.

"இல்லீங்க சார், உங்களை உக்காந்துதான் பாக்கோணும்." மூச்சு வாங்கியது, ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "உங்களுக்கு நேர்ல நன்றி சொல்லோணும்னு இருந்தேன். எங்கம்மா மறைச்சுத்தான் கட்டிவெக்கப் பாத்தாங்க. நான் ஒத்துக்கலை. பொண்ணோட மாமன் எங்க சார், அவருக்கு நான் எல்லாத்தையும் எழுதியிருக்கறேன், சீக்கை எழுதியிருக்கறேன், அவரு வேண்டாம்னா தானா நின்னுபோகும்னு சொன்னேன். கல்யாணத்தன்னைக்குக் காலையில வரைக்கும் நிறுத்திருவீங்கன்னுதான் உக்காந்திருந்தேன். நீங்களே கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து எம்பக்கத்துல உக்கார வெச்சீங்க. அப்பறந்தான் எனக்கு உசுரு வந்துது. தெரிஞ்சே பொண்ணுக் குடுத்த மனுஷர் சார் நீங்க. உலகத்துல யாரு செய்வாங்க."

ராட்டை நின்றுவிட்டது.

"கார்டு உங்க கைக்கு வந்து சேந்துதுன்னு சொன்னீங்களே மாமா?" என்று வசந்தாமணி கேட்டாள்.

"வந்துது" என்றான் குழந்தைவேல்.

"எப்ப?"

"மாசியில."

"நலுங்கு அன்னைக்கு நான் கேட்டப்ப எங்க இருந்துது?"

கட்டிலில் கிடந்தவன் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.  குழந்தைவேலின் கை அவனை அறியாமல் சட்டைப் பைக்குப் போயிற்று. அதில் ஒன்றும் இல்லை, பஸ் டிக்கெட்தான் இருந்தது. ஆனால் கை போன இடத்தை அவள் பார்த்துவிட்டாள்.

 அர்த்தநாரிக்கு இருமல் வந்தது. அவள் போய் முதுகைத் தாங்கிச் சட்டியை எடுத்துப் பிடித்தாள், வாயைத் துடைத்துவிட்டாள், படுக்க வைத்துப் போர்த்தினாள். பிறகு வாசலில் குழந்தைவேல் விட்டிருந்த செருப்புப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அவன் எழுந்து வந்தான்.

"ஆடிக்கு வரலைன்னு அம்மாகிட்டச் சொல்லீருங்க. இவரால பஸ்ஸுல வர முடியாது."

"சொல்றேன் சாமி."

"ஏனுன்னு கேட்டா நீங்களா ஏதாச்சும் நல்லதா எழுதிச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் வருமே." தெருவில் பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "இவரு எனக்கு ஒரு பொய்யும் சொல்லலீங்க மாமா. முத நாளே எல்லாத்தையும் சொல்லீட்டாரு. நீங்க நிறுத்துவீங்கன்னு காத்திருந்ததை மட்டும் சொல்லலை, அது எனக்கும் தெரிஞ்சுதான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டாரு. இனி எத்தனை நாளு இருப்பாரோ, அத்தனை நாளைக்கு உங்களை நல்லவருன்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க மறுக்கா இந்த ஊட்டுக்கு வந்து அந்தக் கும்பிடை வாங்காதீங்க."

உள்ளேயிருந்து அர்த்தநாரி, சாருக்குச் சாப்பாடு போடாமல் அனுப்பிவிடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தான். "அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று அவள் பதில் சொன்னாள்.